மை மங்கிய பயணச்சீட்டு

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை உரிமையாளர் சங்கம் ஒன்றுக்காக அரசு அலுவலகங்களில் பேசுவது என் வேலை. நியமன ஆணையில் 'தொடர்பு அலுவலர்', ஊரார் வாயில் 'மனு கொடுக்கிறவர்'. நம் நாட்டில் லாபியிங்குக்கென, அதாவது ஒரு தரப்புக்காக அரசிடம் பேசி ஆதரவு திரட்டுவதற்கென, தனிச் சட்டமே இல்லாததால், இப்பதவிக்கு இன்ன சம்பளம் என்று கேட்கவும் எனக்கு ஆதாரம் கிடையாது. 2022இல் மாங்கூழுக்கு 12 சதவீத ஜிஎஸ்டி என்று தெளிவுபடுத்தப்பட்டபின், சென்னைக்கு நான் நடந்த நடைக்குக் கணக்கில்லை. இரவுப் பேருந்தில் சுமார் 260 கிலோமீட்டர் போய், பேருந்து நிலையக் கழிப்பறையில் சட்டை மாற்றி, நண்பகல் வரை காத்திருந்து, "ஐயா மீட்டிங்கில் இருக்கிறார், அடுத்த வாரம் வாருங்கள்" என்ற பதிலோடு திரும்புவேன். சீசனிலோ, கூழுக்குப் போகும் 'பெங்களூரா' ரக மாங்காய்க்கு விலை கேட்டு விவசாயிகள் வரும் கூட்டத்தில் ஆலைக்காரர்கள் பக்கம் அமர வேண்டும். (என் தந்தைக்கும் ஒரு ஏக்கர் மாந்தோப்பு உண்டு; அன்றிரவு வீட்டில் என்னோடு பேசமாட்டார்.) இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால், சென்ற மாதப் பயணப்படிக்கு நான் ஒட்டிக்கொடுத்த பேருந்துச் சீட்டில் மை மங்கித் தொகை தெரியவில்லையென்று கணக்கர் வவுச்சரைத் திருப்பியனுப்பியிருக்கிறார். அந்தச் சீட்டு அவர் மேசை இழுப்பறையில் மூன்று வாரம் கிடந்துதான் வெளுத்தது.