30 மடங்கு ஜூம் சரி, வெளிச்சம்?

சட்டைப் பையில் அடங்கும் கேமராவில் 30 மடங்கு ஜூம் பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. வேடந்தாங்கலில் ஏரி நடுவே மரத்தில் இருந்த நத்தைகுத்தி நாரையின் அலகு இடைவெளியைக்கூடக் காட்டியது. ஆனால் சாயங்காலம் ஐந்தரை ஆனதும் எல்லாம் போச்சு. முழு ஜூமில் லென்ஸ் துளை எஃப் 6.4 ஆகச் சுருங்கிவிடுகிறது; இந்த எண் கூடக் கூட உள்ளே வரும் வெளிச்சம் குறையும். உள்ளே வெளிச்சத்தைப் படமாக்கும் சென்சாரோ சுமார் 6 மில்லிமீட்டர் அகலம்தான், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓ, அதாவது ஒளியுணர்திறன், 1600-க்கு ஏறி, இறகெல்லாம் மெழுகு பூசியது போல் ஆகிவிடுகிறது. பறவைகள் கூட்டம் கூட்டமாகக் கூட்டுக்குத் திரும்புவதே அந்த நேரத்தில்தானே! அப்புறம், கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரும் கிடையாது. கையை நீட்டித் திரையைப் பார்த்துக்கொண்டு 720 மில்லிமீட்டருக்கு நிகரான முழு ஜூமில் ஆடாமல் எப்படிப் பிடிப்பது? பெட்டியில் 30 மடங்கு என்று கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள் அந்த 6.4-ஐயும் அதே அளவில் போட்டால் என்ன?