தனுஷ்கோடியை அழித்தது சுனாமியா?

கூரையில்லாத தேவாலயத்தின் படத்தைப் போட்டு, "2004 சுனாமியில் அழிந்த தனுஷ்கோடி" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. படம் உண்மை; தலைப்புதான் தவறு. சுனாமிக்கு நாற்பது ஆண்டுகள் முன்பே, 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் கரையைத் தாக்கிய புயலில் அந்த ஊர் போய்விட்டது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலும் அன்றுதான் அலையில் சிக்கியது. பாம்பன் பாலமும் உடைந்தது. அதை 46 நாளில் சீரமைத்தார்கள். தனுஷ்கோடிக்குப் போன தண்டவாளம் மட்டும் திரும்பவில்லை.

அதற்கு முன் அது கலகலப்பான துறைமுகம். சென்னையிலிருந்து போட் மெயில் ரயிலில் வந்தவர்கள் இங்கே இறங்கி, இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறினார்கள். தேவாலயத்தின் இடிந்த சுவரை அருகில் போய்ப் பாருங்கள்: துளை துளையாக, கடலிலிருந்து எடுத்த பவளப்பாறைக் கல். ரயில் நிலையத்தின் எச்சங்களும் பக்கத்திலேயே நிற்கின்றன. 1964-க்குப் பிறகு ரயிலே போகாத ஊரின் நிலையம் அது; தேதியைச் சரிபார்க்க இதைவிட என்ன வேண்டும்?

"ஆளே இல்லாத பேய் நகரம்" என்பதும் கதைதான். வசிக்கத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்த பிறகும் மீனவக் குடும்பங்கள் அங்கே குடிசை போட்டு, கடலுக்குப் போய்வந்துகொண்டுதான் இருக்கின்றன.