ஏடிஎம் கார்டில் ஜவுளி எடுத்த பெரியம்மா சொல்ல நினைப்பது

கிரெடிட் கார்டு இல்லாமல் ஏடிஎம் கார்டில், அதாவது டெபிட் கார்டில், நான் பணம் கட்டியதைக் கேலி செய்து திருநெல்வேலி வண்ணார்பேட்டை ஜவுளிக்கடையில் எடுத்த அந்தக் காணொளியை உங்களில் பெரும்பாலோர் பார்த்துவிட்டீர்கள் என்பதால், நடந்ததை மறுபடியும் முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. "பெரியம்மா இன்னும் ஏடிஎம் கார்டுலதான் இருக்காவ" என்று கொழுந்தன் மகன் சொன்னதும், பக்கத்தில் மேசை போட்டுக் கிரெடிட் கார்டுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்த தம்பி சேர்ந்து சிரித்ததும், நான் பின் நம்பரை ஒருமுறை தப்பாக அழுத்தியதும் அதில் தெளிவாகவே பதிவாகியிருக்கின்றன. 31 ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளுக்குக் கணக்குத் தெரியவில்லை என்று ஊரறியச் சொல்லிவிட்டார்கள். அது எனக்கு வலிக்கத்தான் செய்தது.

நான் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்றுதான். அன்றாடச் செலவைக் கையில் இருக்கிற பணத்தில் செய்யவேண்டும். வீடு கட்டவோ, பிள்ளை படிப்புக்கோ கடன் வாங்குவதை நான் குறை சொல்லவில்லை; நாங்களும் வாங்கித்தான் இந்த வீட்டைக் கட்டினோம். ஆனால் உப்புக்கும் புளிக்கும் பாலுக்கும் கடன் வாங்குகிற பழக்கத்தை நாகரிகம் என்று சொல்லி என் தலையில் கட்டவேண்டாம்.

"கெடுத் தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டிவிட்டால் ஒரு பைசா வட்டி கிடையாதே" என்று காணொளிக்குக் கீழே மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். 45, 50 நாள் வரை வட்டியில்லாத கடன் கிடைக்கிறது என்பது எனக்கும் தெரியும். முழுத் தொகையையும் கட்டமுடியாமல் போகிற மாதத்தைப் பற்றி ஏன் ஒருவரும் எழுதவில்லை? பாக்கி கொஞ்சம் நின்றாலும், பொருள் வாங்கிய தேதியிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும். அடுத்து வாங்குகிற பொருளுக்கும் அந்த வட்டியில்லாத நாட்கள் கிடைக்காது. கார்டைக் கொடுக்கும்போது எந்த மேசையிலும் இதை யாரும் விளக்கி நான் பார்த்ததில்லை.

என் அக்கா வீட்டில் நடந்ததை அத்தானிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அத்தானுக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு மாதமும் மளிகை, மருந்து, பெட்ரோல் எல்லாம் கார்டிலேயே ஓடின. பிறகு அக்கா என்னிடம் கொண்டுவந்து காட்டிய ஸ்டேட்மென்டில் பாக்கி 62,400 ரூபாய் என்று சிறிய எழுத்திலும், குறைந்தபட்சம் கட்டவேண்டியது 3,120 ரூபாய் என்று பெரிய எழுத்திலும் அச்சடித்திருந்தது. அக்கா அந்தப் பெரிய எழுத்தைக் கட்டிவிட்டு, அந்த மாதக் கடமை முடிந்தது என்று நிம்மதியாக இருந்திருக்கிறாள். நான் அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டேன். மாதம் மூன்றரை வட்டிக்கு 2,184 ரூபாய். அந்த வட்டியின்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 393 ரூபாய். ஆக, கட்டிய 3,120-இல் அசலுக்குப் போய்ச்சேர்ந்தது 543 ரூபாய். அக்கா அந்த 543-ஐயே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கழுத்துச் சங்கிலியை விற்றுத்தான் கடனை அடைத்தாள்.

மாதம் மூன்றரை என்றால் ஆண்டுக்கு 42. கந்துவட்டிக் கொடுமையால் 2017 அக்டோபரில் நம் ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே ஒரு குடும்பம் தீயில் மாண்ட ஊர் இது. அதையும் வங்கிக் கார்டையும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னதாக யாரும் திரிக்கவேண்டாம். ஆனால், வட்டி என்றால் என்னவென்று இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் புதிதாகப் பாடம் எடுக்கவேண்டியதில்லை.

கார்டில் செலவு செய்தால் கிடைக்கிற ரிவார்டு பாயின்ட்டைப் பற்றி எழுதியவர்களுக்கு: பாயின்ட்டுக்காக வேண்டாத பொருளை வாங்காதவர் யாராவது இருந்தால் அவர் அதை அனுபவிக்கட்டும். எனக்கு வேண்டாம்.

டெபிட் கார்டைவிடக் கிரெடிட் கார்டுதானே பாதுகாப்பு என்று ஒருவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. டெபிட் கார்டில் திருட்டு நடந்தால் போவது என் பணம். கிரெடிட் கார்டில் நடந்தால் விசாரணை முடியும்வரை தொங்குவது வங்கியின் பணம். இதை மறுக்கமாட்டேன். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் விட்ட சுற்றறிக்கைப்படி, நம் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வெளியாள் செய்த மோசடியை, வங்கியிடமிருந்து தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்துவிட்டால் நமக்கு இழப்பு இல்லை. சொன்ன 10 வேலை நாட்களுக்குள் வங்கி அந்தத் தொகையைக் கணக்கில் வரவு வைக்கவேண்டும். ஓடிபியை நாமே வாயால் சொல்லிவிட்டால் இது பொருந்தாது. அந்தப் பத்து நாளும் கை முடங்கிக் கிடக்குமே என்பதற்காகத்தான் நான் இரண்டு கணக்கு வைத்திருக்கிறேன். பென்ஷன் வருகிற கணக்கின் கார்டு பீரோவில் இருக்கிறது. ஒன்றாம் தேதி அந்த மாதச் செலவுக்கான தொகையை மட்டும் இன்னொரு கணக்குக்கு மாற்றுவேன். கடைக்கு எடுத்துப் போவது அந்தக் கார்டை மட்டுமே. ஆன்லைன் வசதியையும், பின் இல்லாமல் தொட்டுக் கட்டுகிற வசதியையும் போனிலேயே அணைத்துவைத்திருக்கிறேன். அன்று ஜவுளிக்கென்று அதில் 40,000 ரூபாய் போட்டுக்கொண்டு போயிருந்தேன். பில் 38,650. காணொளி எடுத்தவருக்கு இது தெரியாது, அவர் கேட்கவும் இல்லை.

"கார்டே பழசு, இப்போது எல்லாம் ஸ்கேன்தான்" என்பவர்களுக்கு ஒன்று. ரூபே வகைக் கிரெடிட் கார்டை, ஸ்கேன் செய்து கட்டுகிற யுபிஐயில் இணைக்க 2022-இல் அனுமதி வந்துவிட்டது. பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் குடிக்கிற டீயையும் இனிக் கடனில் குடிக்கலாம். இதற்குத்தான் நான் பயப்படுகிறேன். டீக்கும் வடைக்கும் கடன் என்றால் அது கடன் என்ற நினைப்பே மனத்துக்கு வராது.

கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று பார்த்துப் போடுகிற சிபில் மதிப்பெண் வேண்டாமா என்கிறீர்கள். கடன் வாங்கி அடைத்தால்தான் அந்த மதிப்பெண் ஏறும் என்பது அவர்கள் வைத்த விதி. எங்களுக்கு வீட்டுக்கடன் கொடுத்தபோது கிரெடிட் கார்டு இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. இதற்குமேல் இதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

சேரன்மகாதேவியில் நான் சிறுமியாக இருந்தபோது மளிகைக்கடையில் எங்களுக்குப் பற்று நோட்டு இருந்தது. பிசான அறுப்பு முடிந்து நெல் விற்ற பிறகுதான் அப்பா கணக்கை முடிப்பார். கடை அண்ணாச்சி வட்டி வாங்கியதே இல்லை, ஒருநாளும் முகம் சுளித்ததும் இல்லை. ஆனாலும் கடைக்குப் போனால் அம்மாவின் குரல் தாழ்ந்துவிடும். காசு கொடுத்து வாங்குகிறவர்கள் வந்தால் அம்மா ஒதுங்கி நின்று, அவர்கள் போன பிறகே "எழுதிக்கிடுங்க அண்ணாச்சி" என்பாள். அந்தப் பென்சில் காதில் இருந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நான் பக்கத்தில் நிற்பேன். சம்பளம் வாங்கத் தொடங்கிய முதல் மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அதே கடைக்குப் போய் ரொக்கமாகச் சாமான் வாங்கினேன். அம்மா அன்று பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்து, வேறு பருப்பு காட்டச் சொன்னாள். அதற்குமுன் அவள் அப்படிக் கேட்டதில்லை.

காணொளி போட்ட கொழுந்தன் மகனுக்கு இதெல்லாம் தெரியாது. தெரியாதது அவன் குற்றமும் இல்லை. பெரியம்மாவை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போட்டிருக்கலாம் என்பதுதான் என் மனத்தாங்கல். காணொளியை எடுத்துவிடு என்று நான் கேட்கப்போவதில்லை. ஐப்பசியில் எங்கள் வீட்டுக் கல்யாணம், பாத்திரம் பண்டம் வாங்க வருகிற ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போகிறோம். அன்றைக்கு வேண்டிய பணத்தை நேற்றே அந்தக் கணக்கில் போட்டுவிட்டேன்.