ஏழரை வினாடிக்கு ஒரு டிக்

மெயின்டனன்ஸில் இருக்கிற யாரிடமாவது போய், "பி.எம். ஒழுங்கா நடக்குதா?" என்று கேட்டுப் பாருங்கள். (பி.எம். என்றால் பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ், மெஷின் கெடுவதற்கு முன்பே பார்த்துக்கொள்வது.) பதில் வராது, ஃபைல் வரும். நானும் இருபது வருஷத்துக்கு மேலாக ஃபைலை நீட்டியவன்தான். அந்த ஃபைலைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தவர்கள் நிதானமாகப் படிக்கலாம்.

தானே புயல் அடித்த ராத்திரி எனக்கு நைட் ஷிஃப்ட். அப்போது கடலூர் பக்கம் ஒரு கம்பெனியில் இருந்தேன். 2011 டிசம்பர் 29 ராத்திரி உள்ளே போனவன், வெளியே வந்தது 31ஆம் தேதி மத்தியானம். 30 வெள்ளிக்கிழமை காலையில் புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகம் என்று பிற்பாடு படித்தோம். உள்ளே இருந்த எங்களுக்கு நம்பர் எதுவும் தெரியாது. ஷெட் கூரைத் தகரம் ஒவ்வொன்றாகப் பிய்ந்துகொண்டு போகிற சத்தம்தான் தெரிந்தது.

கரண்ட் போனதும் ஜெனரேட்டர் ஒரே செல்ஃபில் எடுத்தது. அந்த வருஷம் பவர்கட் எந்த லட்சணத்தில் இருந்தது என்று உங்களுக்கே ஞாபகம் இருக்கும். தினமும் ஜெனரேட்டரைத் திட்டிக்கொண்டே ஓட்டினோம். அதன் சர்வீஸ்கூட ஒரு மாசம் தள்ளிப்போயிருந்தது. அது ஓடியது.

ஓடாதது மழைநீர் சம்ப்பில் இருந்த ஸ்டாண்ட்பை பம்ப். மெயின் பம்ப்பின் டெர்மினல் பாக்ஸுக்குள் தண்ணீர் போய் அது படுத்துவிட்டது. சரி, பக்கத்தில் இன்னொன்று இருக்கிறதே என்று ஸ்டார்ட்டரை அமுக்கினால், 'ம்ம்ம்' என்று ஒரு முனகல், அப்புறம் ஓவர்லோடு ட்ரிப். மறுபடி அமுக்கினோம், மறுபடி முனகல். மோட்டாரும் பம்ப்பும் சேருகிற இடத்தை மூடியிருக்கும் கப்ளிங் கார்டைக் கழற்றி, டார்ச் வெளிச்சத்தில் பைப் ரெஞ்ச் போட்டு இரண்டு பேர் தொங்கினோம். ஷாஃப்ட் அசையவே இல்லை. உள்ளே சுற்றுகிற இம்பெல்லரும் அதைச் சுற்றியிருக்கும் வேர் ரிங் வளையமும் துருப் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது, வருஷக்கணக்கில் ஓட்டாத சைக்கிள் செயின் மாதிரி. கேபிள் டிரெஞ்ச் நிரம்பி, மோட்டார் ஸ்விட்ச் போர்டுகள் இருக்கும் எம்.சி.சி. ரூம் வாசற்படியைத் தண்ணீர் தொட்டது. கடைசியில் காப்பாற்றியது பக்கத்து ஊர் விவசாயி ஒருவரின் ஆயில் இன்ஜின். விழுந்த மரங்களை வெட்டி வழி பண்ணி, டிராக்டரில் ஏற்றிக் கொண்டுவந்தோம். அவர் ஹேண்டிலைப் போட்டு நாலு சுற்றுச் சுற்றினார், பிடித்துக்கொண்டது. அந்த இன்ஜினுக்கு பி.எம். ஷீட் எதுவும் கிடையாது.

எங்கள் பம்ப்புக்கு இருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு நானே ஃபைலை எடுத்துப் பார்த்தேன். சம்ப் பம்ப் பி, அதாவது அந்த ஸ்டாண்ட்பை. திங்கட்கிழமைதோறும். 'ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பார்த்தல்' என்ற வரிக்கு நேராக வருஷம் முழுக்க டிக். கீழே கையெழுத்து. அதில் பதினொன்று என்னுடையது.

ஏன் பொய் டிக் அடித்தோம் என்று கேட்பீர்கள். சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட்டால் கதை முடிந்துவிடும், ஆனால் அது பாதிதான் உண்மை. அந்த லிஸ்ட்டில் 34 மெஷின், ஒவ்வொன்றுக்கும் 14 பாயின்ட். மொத்தம் 476 டிக். புரொடக்ஷன்காரர்கள் கொடுத்த நேரம் ஒரு மணி நேரம். வகுத்துப் பாருங்கள், ஏழரை வினாடிக்கு ஒரு டிக். ஏழரை என்றாலே நமக்கு என்ன ஞாபகம் வரும் என்று சொல்லவேண்டியதில்லை. கப்ளிங் கார்டின் நாலு போல்ட்டைக் கழற்றி மாட்டவே பத்து நிமிஷம் ஆகும். அந்த லிஸ்ட்டைப் போட்டவர் ஒரு நாளாவது அதைச் செய்து பார்த்திருந்தால் இப்படிப் போட்டிருக்க மாட்டார். எங்கேயோ வேறு பிளான்ட்டில் இருந்த லிஸ்ட், பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு வந்தது. எங்களிடம் இல்லாத ஒரு கியர்பாக்ஸுக்குக்கூட அதில் ஆயில் லெவல் பார்த்து டிக் அடித்திருக்கிறோம். சத்தியமாக.

அதனால் என் கட்சி இதுதான்: உங்கள் பி.எம். லிஸ்ட்டைப் பாதியாக வெட்டுங்கள். மெயின்டனன்ஸ்காரனே இப்படிப் பேசலாமா என்று கோபம் வரலாம். மீதியையும் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

லிஸ்ட் நீளமாக இருந்தால் வேலை நடக்காது என்பதோடு முடியவில்லை, நடக்கிற வேலையும் கெடுதல் செய்யும். கிரீஸ் அடித்தே ஒரு மோட்டாரைக் கொன்றதைப் பார்த்திருக்கிறேன். 40 ஹெச்பி மோட்டார், 6312 பேரிங். வெளி விட்டம் 130 மில்லிமீட்டர், அகலம் 31. பேரிங் கம்பெனிகள் சொல்லும் கணக்கு சுலபம்: இரண்டையும் பெருக்கி 0.005ஆல் பெருக்கினால் எத்தனை கிராம் கிரீஸ் என்று வந்துவிடும். இதற்கு 20 கிராம். நம் கையில் இருக்கிற கிரீஸ் கன்னில் ஒரு அழுத்துக்கு ஏறக்குறைய ஒரு கிராம் வரும், ஆக இருபது அழுத்து. ஷீட்டில் இருந்தது 'கிரீஸ் அடிக்கவும்' என்று இரண்டே வார்த்தை. கான்ட்ராக்ட்டில் வந்த பையன், பாவம், அக்கறையான பையன். வெளியே பிதுங்கி வருகிற வரைக்கும் அடித்தால்தான் வேலை என்று நினைத்துக்கொண்டு மாசாமாசம் அடித்தான். கீழே இருக்கிற டிரெயின் பிளக்கைத் திறக்கவேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. பழைய கிரீஸ் வெளியே போக வழியில்லாமல், பேரிங் உள்ளேயே மாவாட்டி, சூடேறி, உருகி, வைண்டிங் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. மோட்டாரைத் திறந்தபோது உள்ளே தீபாவளி லேகியம் கிண்டிவைத்த மாதிரி இருந்தது. போதாததற்கு நடுவில் ஸ்டோரில் கிரீஸ் மாறி, ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். எல்லா கிரீஸும் எல்லா கிரீஸோடும் சேராது. ஷீட் மட்டும் சுத்தமாக இருந்தது, எல்லா டிக்கும் உண்மையான டிக்.

இது என் ஒருவனுடைய அனுபவம் இல்லை. 1978இல் யுனைடெட் ஏர்லைன்ஸில் இருந்த நவ்லான், ஹீப் என்று இரண்டு பேர், விமானப் பாகங்கள் எப்படிப் பழுதாகின்றன என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக எழுதிக் கொடுத்தார்கள். வயதாக ஆகத்தான் கெட்டுப்போகும் என்று சொல்லக்கூடியவை 11 சதவீதம் பாகங்கள்தான். மீதி 89 சதவீதத்துக்கு இத்தனை மணி நேரம் ஓடியதும் கழற்றி மாட்டு என்று தேதி குறிப்பதில் பெரிய பிரயோஜனம் இல்லை. அதைவிட, 68 சதவீதம் பாகங்களுக்கு ஆபத்தான காலம் மாட்டிய புதிதில்தான். பிரசவம் ஆன வீட்டில் முதல் நாற்பது நாள் பொத்திப் பொத்திப் பார்ப்பார்களே, அது மாதிரி. நல்லா ஓடுகிற பம்ப்பை லிஸ்ட் சொல்லிவிட்டது என்று கழற்றி மாட்டும் ஒவ்வொரு தடவையும் அந்த நாற்பது நாள் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. விமானக் கணக்கை அப்படியே நம் பம்ப் மேல் ஏற்றக்கூடாது, ஒத்துக்கொள்கிறேன். இம்பெல்லர் தேயும், பைப் அரிக்கும், பெல்ட் நீளும், இதற்கெல்லாம் வயசுதான் காரணம். ஆனால் அலைன்மென்ட், அதாவது இரண்டு ஷாஃப்ட்டும் ஒரே நேர்கோட்டில் இருப்பது, சரியில்லாமல் மாட்டப்பட்ட பேரிங்குக்கு வயசு எல்லாம் கணக்கில்லை. கோணலாக இருந்தால் பேரிங் மேல் பாரம் ஏறும். பால் பேரிங்கில் பாரம் இரண்டு மடங்கானால் ஆயுள் பாதி ஆகாது, எட்டில் ஒரு பங்காகிவிடும். டயல் கேஜ் வைத்து ஒழுங்காக அலைன்மென்ட் எடுக்க ஒரு அரை நாள் கொடுத்தால் பேரிங் வருஷக்கணக்கில் ஓடும். "ஸ்கேல் வச்சுப் பாத்துட்டு ஓட்டு, சாயங்காலம் டிஸ்பாட்ச் இருக்கு" என்றால் மூன்றாம் மாசம் மறுபடி கழற்றுவோம்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தது கடலூர் ஓ.டி.யில் (ஓல்டு டவுன்) இருந்து சைக்கிளில் வரும் ஒரு ஃபிட்டர் அண்ணன். காலையில் வந்ததும் டீ குடிக்கப் போக மாட்டார். நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, முனையை பேரிங் ஹவுசிங்கில் வைத்து, பிடியைக் காதில் ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். ஒரு மோட்டாருக்கு அரை நிமிஷம். பிறகு புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். சுவரில் சாக்பீஸால் ஏதோ கிறுக்குவார். "என்னண்ணே எழுதுறீங்க?" என்று கேட்டால், "நேத்தைக்கு இன்னிக்கு வித்தியாசம் இருக்கான்னு பாக்குறேன்டா தம்பி. நல்லாருக்கா இல்லையான்னு எனக்கென்ன தெரியும்?" என்பார். இப்போது அதே வேலையை வைப்ரேஷன் மீட்டர் செய்கிறது, நொடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று. நல்ல விஷயம்தான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் சென்சார் அனுப்புகிற அலாரம் யாரும் திறக்காத ஒரு மெயிலுக்குப் போவதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அந்த அண்ணன்தான் இன்னொன்றும் சொன்னார். "ஓடுறது பேசும்டா. நிக்கிறதுதான் ஊமை." தானேவுக்கு அப்புறம்தான் எனக்கு அது உறைத்தது. ஓடுகிற மெஷின் சூடு காட்டும், சத்தம் போடும், ஆம்ப்ஸ் ஏறும். கேட்க ஆள் இருந்தால் போதும். நிற்கிறவற்றுக்குத்தான் லிஸ்ட் வேண்டும்: ஸ்டாண்ட்பை பம்ப், ஃபயர் பம்ப், அழுத்தம் கூடினால் திறக்கிற ரிலீஃப் வால்வு, ஆபத்து வந்தால் மெஷினைத் தானாக நிறுத்துகிற ட்ரிப் இன்டர்லாக். கூப்பிடும்போது வராது என்பது கூப்பிடுகிற வரைக்கும் தெரியாது. சும்மா நிற்பதாலேயே கெட்டுப்போவதும் உண்டு. பக்கத்து மெஷினின் அதிர்வில், நிற்கிற மோட்டாரின் பேரிங் குண்டு ஒரே இடத்தில் உரசி உரசி, அது உருளுகிற வளையத்தில் (ரேஸ்) தழும்பு போட்டுவிடும். முதல் தடவை ஓட்டும்போதே கரகரவென்று கத்தும்.

1984 டிசம்பரில் போபாலில் நடந்ததைப் படித்தால் வயிறு கலங்குகிறது. விஷ வாயுவாகக் கசிந்த திரவம் இருந்த டேங்கைக் குளிர்விக்க இருந்த ரெஃப்ரிஜரேஷன் யூனிட் மாசக்கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. கசிகிற வாயுவை எரித்துவிடும் ஃப்ளேர் டவருக்குப் போகும் பைப்பில் ஒரு துண்டு அரித்துப்போய், மாற்றுவதற்காகக் கழற்றப்பட்டிருந்தது. 2020 மே 7 விடியற்காலை விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் கசிந்ததும், லாக்டவுனில் ஆலை நின்றிருந்தபோது டேங்கில் சும்மா கிடந்த சரக்கிலிருந்துதான். அதே நாள் சாயங்காலம் நம் நெய்வேலியில் பாய்லர் வெடித்தது. ஜூலை 1இல் அதே அனல்மின் நிலையத்தில் இன்னொரு பாய்லர். 2025 மே மாசம் கடலூர் பக்கம் குடிகாட்டில் சாயப்பட்டறைக் கழிவுநீர்த் தொட்டி வெடித்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததும் நினைவிருக்கும். நான் பார்த்த பி.எம். லிஸ்ட்டுகளில் பெரும்பாலும் தொட்டிக்கு ஒரு வரிகூட இருக்காது. சுற்றுகிற பாகம் இல்லையே!

நம் ஊருக்கு உப்புக்காற்று வேறு. வெளிநாட்டு மேனுவலில் வருஷத்துக்கு ஒரு முறை என்று போட்டிருப்பான். உப்பனாற்றங்கரையில் மூன்று மாசத்தில், கேபிள் பெட்டிக்குள் நுழைகிற இடத்தில் இருக்கும் பித்தளை கிளாண்ட் பச்சை பூத்துவிடும். இன்சுலேஷன் போட்ட பைப்புகளைக் கேட்கவே வேண்டாம். மேலே அலுமினியத் தகடு கல்யாண வீட்டுப் பாத்திரம் மாதிரி பளபளக்கும், உள்ளே ஈரம் புகுந்து பைப் உரிந்துகொண்டிருக்கும். ரொம்பச் சூடான லைனில் ஈரம் காய்ந்துவிடும். இளஞ்சூட்டில் இருக்கும் லைனைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் மெஷினை முழுசாக எங்கள் கையில் கொடுக்கிறார்கள். ஆயுத பூஜைக்கு முதல் நாள். ஒரு வருஷம் மோட்டாருக்குச் சந்தனம் வைக்கலாம் என்று மூன்று விரல் கனத்துக்கு ஏறியிருந்த அழுக்கைச் சுரண்டினால், ஃபவுண்டேஷன் போல்ட் நாலில் ஒன்றைக் காணோம். எத்தனை நாளாக இல்லையோ. அம்மன் புண்ணியத்தில் மாட்டினோம்.

ராத்திரி இரண்டு மணிக்கு வந்து பிரேக்டவுனைச் சரிபண்ணுகிறவனுக்கு எம்.டி. கையால் ஷீல்டு கிடைக்கிறது, அதில் தப்பில்லை, வாங்கட்டும். அந்த பிரேக்டவுன் வராமல் பார்த்துக்கொண்ட ஃபிட்டர் அண்ணனை, "இங்க ஒண்ணும் வேலையே இல்லையே" என்று சொல்லி ஆள்குறைப்பில் அனுப்பினார்கள். அவர் போன ஒன்றரை வருஷத்துக்கு எதுவும் ஆகவில்லை. அதுதான் அவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது.

இப்போது நான் புதுச்சேரிப் பக்கம் வேறு இடத்தில் இருக்கிறேன். லிஸ்ட்டை 412 வரியிலிருந்து 190க்குக் கொண்டுவந்திருக்கிறேன். ஸ்டாண்ட்பையை மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் மெயினாக ஓட்ட வேண்டும் என்பது புது வரி. இரண்டையும் சரிபாதியாக ஓட்டினால் இரண்டும் ஒரே சமயத்தில் தேய்ந்து நிற்கும், அதனால் மூன்றுக்கு ஒன்று. ஐப்பசி பிறக்கப்போகிறதே, மெயினை நிறுத்தி ஸ்டாண்ட்பையைப் பார்க்க நேரம் கொடுங்கள் என்று போன வாரம் புரொடக்ஷனில் போய்க் கேட்டேன்.

"நல்லா ஓடிட்டிருக்குறத எதுக்கு சார் நிறுத்தணும்?"

தானே கதையைச் சொன்னேன். பதினொரு கையெழுத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, ஞாயித்துக்கிழமை காலைல இருபது நிமிஷம் எடுத்துக்குங்க" என்றார்.

கப்ளிங் கார்டு போல்ட்டுக்கு சனிக்கிழமை ராத்திரியே எண்ணெய் விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன்.