வரவில்லை என்றால் தேடுவேனா?

தனிமனிதர்கள் எழுதி மின்னஞ்சலில் அனுப்பும் நியூஸ்லெட்டர்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நடுவில் ஆசிரியர் குழு இல்லை. ஒருவர் தன் மனதில் ஓடுவதை நேராக நமக்கு எழுதுகிறார். அதனாலேயே எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதில் கறாராக இருக்கிறேன். தகவல் பெருகப் பெருகக் கவனத்துக்குப் பஞ்சம் வரும் என்று பொருளாதார அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1971-லேயே எழுதிவிட்டார். அப்போது மின்னஞ்சல் இன்பாக்ஸ் என்பது பெரும்பாலானவர்களுக்குத் தெரியவே தெரியாது.

நான் கேட்டுக்கொள்வது ஒரே கேள்விதான். இந்த மடல் வருவது நின்றுபோனால் நானாக அதைத் தேடிப் போவேனா? கண்முன் வந்து நிற்கிறதே என்று படிப்பது வேறு, வேண்டும் என்று படிப்பது வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்க, ஒரு ஃபில்டர் போட்டு எல்லா மடல்களையும் தனி ஃபோல்டருக்குத் திருப்பிவிடுங்கள். சில வாரம் போகட்டும். எதைத் தேடி அங்கே போகிறீர்களோ, அது தங்கட்டும். மற்றவை நல்ல எழுத்தாகவே இருக்கலாம், உங்களுக்கானவை இல்லை.

சரி, புதிதாகச் சேரும்போது? உங்களை இழுத்து வந்த இதழை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது பலரும் பகிர்ந்த, அவருடைய மிகச் சிறந்த இதழாக இருக்கும். பழைய இதழ்களில் யாரும் பேசாத இரண்டைப் படியுங்கள். அவர் தானே பார்த்ததை, செய்து பார்த்ததை, யோசித்ததை எழுதுகிறாரா, அல்லது ஊரெல்லாம் சுற்றும் இணையச் சுட்டிகளைத் தொகுத்துத் தருகிறாரா என்பது அங்கே தெரிந்துவிடும். எழுத விஷயம் இல்லாத வாரத்தில் பேசாமல் இருக்கிறாரா என்றும் பாருங்கள். கட்டணச் சந்தா வாங்குபவருக்கு இது கடினம்தான். பணம் கொடுத்தவர்கள் காத்திருக்கிறார்களே என்று பக்கத்தை நிரப்பத் தோன்றும். இருந்தாலும் வாரம் தவறாமல் வரும் சக்கையைவிட எப்போதாவது வரும் ஒரு நல்ல மடல் எனக்குப் போதும்.

இத்தனை சதவீதம் பேர் திறந்து படிக்கிறார்கள் என்ற கணக்கை நம்பிச் சேராதீர்கள். மடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டிப் படத்தை வைத்து, அது தரவிறங்கினால் திறந்ததாக எண்ணுவதுதான் வழக்கம். 2021-இல் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதி, நாம் மடலைத் தொடாவிட்டாலும் அந்தப் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. கவனத்தை அப்படி அளக்க முடியாது.

விலகுவதில் சங்கடமே வேண்டாம். மொத்தமாக அனுப்புபவர்கள் ஒரே சொடுக்கில் விலகும் வசதி தர வேண்டும் என்று ஜிமெயிலும் யாகூவும் 2024-இல் விதியே கொண்டுவந்துவிட்டன. படிக்காமல் குவித்து வைப்பதால் எழுதுபவருக்கு ஒரு நன்மையும் இல்லை. அப்புறம், நீங்கள் வைத்துக்கொண்ட மடல்களில் ஒன்றுக்காவது இந்த வாரம் பதில் எழுதுங்கள். எந்தப் பத்தி பிடித்தது, எங்கே மாறுபடுகிறீர்கள் என்று இரண்டு வரி போதும்.