ஆமையைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியின் காணொளியை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கனடாவில் கூட்டம் தொடங்குமுன் 'இது பூர்வகுடிகளின் நிலம்' என்று வாசிப்பார்களே, அந்த நில அங்கீகாரம் வாசித்து முடிந்த கையோடு ஒலிவாங்கியைப் பிடித்த நம் பேச்சாளர் ஐயா, "இவையின்ர உலகம் ஆமை முதுகில தானாம் நிக்குது" என்று பகிடி விட்டார். மண்டபமே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப்பேர் கூர்ம அவதாரத்துக்குக் கைகூப்புகிறவர்கள். நம் ஆமை மந்தர மலையைச் சுமந்தால் தத்துவம், ஹோடினோஷோனி என்ற பூர்வகுடி மக்களின் ஆமை மண்ணைச் சுமந்தால் பகிடி. நல்ல நியாயம்!

அந்தக் கதையை முழுசாகக் கேட்டிருக்கிறீர்களா? வானுலகில் மரம் பெயர்ந்த குழிக்குள்ளால் ஒரு கர்ப்பிணி விழுகிறாள். கீழே வெறும் தண்ணீர். நீர்ப்பறவைகள் சிறகோடு சிறகு சேர்த்து ஏந்துகின்றன. ஆமை முதுகைக் கொடுக்கிறது. அவள் காலூன்ற மண் வேண்டுமே? ஒவ்வொரு விலங்காக முக்குளித்துத் தோற்கிறது. கடைசியில் மஸ்க்ராட் என்ற சின்ன நீரெலி செத்து மிதக்கிறது, பொத்திய கைக்குள் கொஞ்சம் சேற்றோடு. அந்தச் சேறுதான் நிலமாகிறது. வந்தவள் எந்த ஊர், என்ன சாதி என்று ஒருவரும் கேட்கவில்லை. விழுந்தவளை ஏந்தினார்கள். அவ்வளவுதான் கதை.

என் மகள் சின்ன வகுப்பில் இதைக் கேட்டுவிட்டு வந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "அந்த எலிக்கு யாராவது தாங்ஸ் சொன்னவையா அம்மா?" சொல்கிறார்கள் பிள்ளை. அவர்கள் கூட்டம் தொடங்குமுன் தண்ணீருக்கும் மீனுக்கும் செடிக்கும் விலங்குக்கும் காற்றுக்கும் சூரியனுக்கும் வரிசையாக நன்றி சொல்வார்கள். நாங்கள் பிரமுகருக்குப் பொன்னாடை போர்த்துவோம்.

உலகம் பெண்ணில் தொடங்கியது என்பதை அவர்கள் கதையோடு விடவில்லை. குலம் தாய்வழி. தலைவரைத் தெரிவு செய்வதும், பிழைவிட்டால் இறக்குவதும் குலத்தாய்மார். நம் சங்கங்களின் நிர்வாகக்குழுப் படங்களை ஒருக்கால் எடுத்துப் பாருங்கள்.

"அந்தக் கதையில் விழுந்தவளின் மகள் பெறும் இரட்டையரில் ஒருவன் தாயின் விலாவைப் பிளந்துகொண்டு பிறக்கிறானே, இதென்ன பண்பாடு?" என்று உள்பெட்டியில் ஒரு தம்பி. கேள்வி சரிதான், அதற்கு என்னிடம் இனிப்பான விளக்கம் இல்லை. ஆனால் அவளைப் புதைத்த மண்ணில்தான் சோளமும் போஞ்சியும் பூசணியும் முளைக்கின்றன. மூன்றையும் ஒரே மேட்டில் நடுவார்கள். போஞ்சிக்கொடி சோளத்தண்டைச் சுற்றி ஏறும், பூசணி இலை நிலத்தின் ஈரத்தைக் காக்கும்.

"நம்பிக்கையைக் கேள்வி கேட்கக்கூடாதோ?" தாராளமாகக் கேளுங்கள், முதலில் உங்கள் வீட்டுச் சாமியறையில்.

1779இல், அமெரிக்க விடுதலைப் போரின்போது, ஜார்ஜ் வாஷிங்டன் அனுப்பிய படை இந்த மக்களின் நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர்களைச் சோளக் கொல்லைகளோடு எரித்தது. வீடிழந்தவர்களில் பலர்தான் பிறகு ஒன்ராறியோவின் கிராண்ட் ஆற்றங்கரைக்கு வந்தார்கள். ஊர் எரிந்து ஓடிவருவது நமக்குத் தெரியாத சங்கதியா? 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள்தானே ஏற்றினார்கள்? மீனவர் வேறு, பூர்வகுடி வேறு என்று திருத்த வராதீர்கள். தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன். அன்றைக்கு முன்வரிசையில் இருந்தது முழுக்க அகதி வழக்குப் போட்டு இந்த நாட்டில் காலூன்றிய சனம். விழுந்து வந்தவர்கள் நாங்கள், விழுந்தவளைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

அடுத்த மாத விழாவுக்கும் அதே ஐயாதான் சிறப்புப் பேச்சாளராம். நான் வரவில்லை. என் கணக்கில் எடுக்கும் சாப்பாட்டுப் பொதியை அவருக்கே கொடுத்துவிடுங்கள்.