முடிவு தெரிஞ்சும் உட்கார்ந்து பார்க்கிறதுதான் நாடகமே

நேத்து ஆன்லைன் வாசிப்புக் கூட்டத்துல, கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸோட ஈடிபஸ் ராஜா நாடகத்தை வாசிக்கும்போது நடந்ததைப் பத்தி எழுதவே கூடாதுன்னுதான் இருந்தேன். காலைல பார்த்தா குரூப்ல இன்னும் சிரிப்பு இமோஜி ஓடிட்டிருக்கு. "கொலைகாரன் யாருன்னு எல்லாருக்கும் தெரியுது, ராஜாவுக்கு மட்டும் தெரியல, செம காமெடி"யாம். அறிவாளிகளே, ஏதென்ஸ்ல உட்கார்ந்து பார்த்த ஜனத்துக்கு ஈடிபஸ் கதை முன்னாடியே தெரியும். சோஃபக்ளீஸுக்கு சஸ்பென்ஸ் வைக்கத் தெரியாம இல்ல. நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது, நாடகமே அதுதான்.

ஈடிபஸ், தனக்கு முன்னாடி ஊரை ஆண்ட லாயஸ் ராஜாவைக் கொன்னவன் நாசமாப் போகட்டும்னு ஊரைக் கூட்டி சாபம் விடுறான், என் சொந்த அப்பாவுக்காகப் போராடுற மாதிரி போராடுவேன்ங்கிறான். செத்தது அவன் அப்பாவேதான், கொன்னது இவனேதான். குறி சொல்றதெல்லாம் பலிக்காதுன்னு ஆறுதல் சொல்ல வந்த ஜொகாஸ்டா (முன்னாடி லாயஸ் மனைவி, இப்ப இவன் மனைவி, இவனைப் பெத்தவளும் அவதான்), மூணு ரோடு சேர்ற இடத்துல லாயஸைத் திருடனுங்க கொன்னுட்டாங்கன்னு போற போக்குல சொல்றா, அப்படியொரு இடத்துல ஒருத்தரைக் கொன்னவன் இவன், அங்கதான் இவனுக்கு அடிவயிறு கலங்குது. இவன் வளர்ந்த கொரிந்த் ஊர்ல இருந்து வந்த தூதனும், அப்பாவைக் கொன்னு அம்மாவைக் கட்டுவான்ங்கிற குறியால இவன் படுற பயத்தைப் போக்குறேன்னு, நீங்க அந்த ஊர் ராஜா ராணி பெத்த புள்ளையே இல்லன்னு போட்டு உடைக்கிறான். இதுல எங்கங்க காமெடி?

எங்க சித்தப்பா, தன் பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகை நாலு மூலையிலயும் மஞ்சள் தடவிட்டு இருந்தார். மாப்பிள்ளை வீட்ல கைவிரிச்சது எங்க எல்லாருக்கும் தெரியும், அவர்கிட்ட சொல்லத்தான் ஆளில்ல. "அடுத்தது உனக்குத்தான்டா"ன்னு என்கிட்ட சிரிச்சார் பாருங்க. நாங்க யாரும் இமோஜி போடல.

"அவன் திமிருக்கு அனுபவிச்சான்"னு ஒருத்தர் வருவார். ரோட்டுத் தகராறுல ஆளைக் கொன்னது தப்புதான், யார் இல்லன்னா? ஆனா அவன் மாட்டுனது விசாரிச்சதால. ஊர் கொள்ளைநோயில சாகுதேன்னு ஆரம்பிச்சவன், இதுக்கு மேல தோண்டாதீங்கன்னு ஜொகாஸ்டா கெஞ்சியும் நிறுத்தல. உண்மை தெரிஞ்சதும் தன் கண்ணைத் தானே குத்திக்கிட்டான், நிறுத்தியிருந்தா அதாவது மிஞ்சியிருக்கும். ரொம்ப உத்தமனும் இல்லாம அயோக்கியனும் இல்லாம நடுவுல இருக்கிற ஒருத்தன் விழணும்னு அரிஸ்டாட்டில் சொன்னது இதுக்குத்தான். அரிஸ்டாட்டில் பழசுன்னு சொல்றவங்களுக்கு பதில் சொல்ல எனக்கு நேரமில்ல.

"ஒரு ஜோக்குக்கு இவ்ளோ பெரிய போஸ்ட்டா"ன்னும் கேப்பீங்க. ஆமா. நான் பார்வையில்லாத குறிசொல்லி டைரீசியஸோட வசனத்தை வாசிச்சிட்டு இருக்கும்போது மைக்கை ஆஃப் கூட பண்ணாம சிரிச்சீங்க, கூட்டம் நடத்துறவர் "லைட்டா எடுத்துக்கங்க"ன்னார். எடுத்துக்கிட்டேன், லைட்டாத்தான். அடுத்து ஆன்டிகனி வாசிக்கப் போறீங்களாமே, தாராளமா வாசிங்க. எனக்கு மட்டும் லிங்க் அனுப்ப வேண்டாம்.